அவளுடைய அனுபவத்தில் என் அம்மா

அனுபவம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக வாடகை அறைகள், காபிக் கடைகள், மூச்சு விடச் சொல்லித்தரும் கூடங்கள். எங்கள் வீடும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் இருக்கும் மூன்று அறைகளும் அடி அண்ணாமலையில் இருந்த கழனியில் பாதியை விற்று அப்பா கட்டியவை.

மாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது வெளிநாட்டுப் பிள்ளைகள். ஆளைவிடப் பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மொட்டைமாடியில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, போன இடம் வந்த இடம் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லுவார்கள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. ஒரு கூட்டம் காலி செய்துகொண்டு போனாலும் அடுத்த கூட்டம் அதே பாயை விரிக்கும். இஞ்சி டீ போட்டு மேலே கொண்டுபோவது என் வேலை. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். இது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் நான் டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்தில் மறந்துபோகும்.

அங்கே என்னென்ன கேட்டிருக்கிறேன்! ஒருத்தி ஏதோ ஒரு தீவில் எறும்பை வறுத்துத் தின்றிருந்தாள். ஒருவன் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தான். அதை மகா பெரிய விஷயமாக எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பஸ்ஸில் ஆடு ஏறாத ஊர் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு பையனின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அதை வைத்து அவன் பற்றற்ற வாழ்வைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். அதே குரங்கால் நாங்கள் மாடியில் வடகம் காயவைக்க முடியாமல் திண்டாடுகிறோம். எங்களுக்குத் தொல்லை, அவனுக்கு ஞானம். கீழே வந்து அப்பாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"பாவம், அதுங்க அம்மா அப்பாவ வுட்டுட்டு வந்து வெயில்ல காயுதுங்க. டீல சக்கர ஜாஸ்தியா போடும்மா" என்பார்.

அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டில் இருக்கக் கூடாது என்று அப்பாவின் தங்கை, என் அத்தை, என்னைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். என்னைப் பெற்றவரை எடுத்துக்கொண்டு போவதை நான் அடுத்த வீட்டு ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் வைத்துப் பார்ப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வரும். பலகை போட்டு உட்காரவைத்து முகத்துக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, தலை கொள்ளாமல் பூ வைப்பார்கள். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பூ வைத்து, கட்டிக்கொண்டு அழுதுவிட்டு நகர்வார்கள். விடிந்தால் அதே வளையலை உடைத்து, அதே பூவைப் பிய்த்து, தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள். பிடுங்குவது என்று முடிவான பிறகு எதற்காக ஜோடிக்கிறார்கள்? இதைக் கேட்டதற்கு எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. இதற்கும் நான் போகக் கூடாது என்றார்கள். அம்மாவுக்கு அங்கே பூ வைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து வீட்டு அடுப்படியில் யாருடைய உளுந்தையோ கழுவிக்கொண்டிருந்தேன்.

மாடி அறையில் அப்போது ஒரு பெண் தங்கியிருந்தாள். எந்த நாடு என்பது வேண்டாம். கலகலவென்று பேசுவாள், பார்க்கிறவர்களையெல்லாம் அம்மா, அக்கா என்று கூப்பிடுவாள். பெரிய பையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கேரளத்துக் கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். அப்பா இறந்தது அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பி வந்து சேர்ந்தது சரியாக அந்தச் சாயங்காலம். வாசலில் பந்தல், உள்ளே பெண்கள் கூட்டம், வீடு முழுக்கப் பூவாசனை. கூடத்தில் மாலை போட்ட அப்பாவின் படம் இருந்தது. சபரிமலைக்கு விரதம் இருந்தபோது தாடியோடு எடுத்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் டீக்கடையில், துணிக்கடையில், மருந்துக்கடையில், எங்கே திரும்பினாலும் தாடி வைத்த கிழவர் ஒருவர் மாலையோடு சுவரில் இருப்பார். எல்லாரும் சாமியார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர் என்று நினைத்து, நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். வந்த முதல் நாள் அவளுடைய பையைத் தோளில் போட்டு மாடி ஏற்றிக்கொடுத்தவர் அவர்.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. கருமாதி முடிந்து ஒரு வாரம் போலிருக்கும். அறைகளில் புதுசாக ஆட்கள் வந்திருந்தார்கள், மாடியில் மறுபடி பாய் விரித்தார்கள். எங்கள் பிழைப்பு அதுதான், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. டீத் தட்டோடு மூச்சு வாங்க நான் மேலே போனபோது அந்தப் பெண்ணின் முறை நடந்துகொண்டிருந்தது.

"இந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அழகானது இந்த வீட்டில்தான் நடந்தது" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்கே வயதான ஒரு தாயைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தெய்வம் மாதிரி அலங்கரித்துக் கொண்டாடுகிறார்கள். சந்தோஷம் தாங்காமல் எல்லாரும் அழுகிறார்கள். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நானும் அந்த அம்மாவுக்குப் பூ வைத்தேன்."

அவள் எடுத்திருந்த வீடியோவோடு அவளுடைய போன் வட்டத்தில் கை மாறிக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்கள். என் பக்கம் வந்தபோது தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் பார்த்தேன்.

அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். அரக்குக் கலர் புதுப் புடவை. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் தாலி. எந்தக் கோலத்தில் என் அம்மாவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் என்னை அடுத்த வீட்டு அடுப்படியில் அடைத்தார்களோ, அந்தக் கோலத்தை ஊர் பேர் தெரியாதவர்கள் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். படத்துக்குள் வெள்ளைக் கை ஒன்று வந்து கனகாம்பரச் சரத்தைச் செருகியது. அது சரிந்தது. கை அதை எடுத்து மறுபடி செருகியது. அப்புறம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அதோடு படம் முடிந்துவிட்டது.

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"அது கொண்டாட்டம் இல்லை" என்றேன். "என் அப்பா செத்துப்போனார். மறுநாள் விடியற்காலையில் அந்த வளையலையெல்லாம் உடைத்தார்கள். கீழே நீ கும்பிட்டாயே, அது சாமியார் இல்லை. உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் நானும் அழுதுவிட்டு இறங்கியிருப்பேன். ஆனால் சுருட்டைமுடிப் பையன் ஒருவன் அவள் தோளில் கை போட்டு, "இது இன்னும் ஆழமான கதை. இனிமேல் இதை இப்படித்தான் சொல்ல வேண்டும், நீ தப்பாகப் புரிந்துகொண்டதையும் சேர்த்து" என்றான். பக்கத்தில் இருந்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

என் அப்பாவின் சாவு இவர்களுக்குக் கதையில் போடுகிற உப்பு, காரம்! எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உன் வீட்டில் எழவு விழட்டும், நானும் வந்து பாய் விரித்து உட்காருகிறேன், எனக்கு டீ போட்டுக் கொடுப்பாயா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னேன். அந்தப் பெண் தேம்பிக்கொண்டே போனைக் காட்டினாள். படத்தை அவள் முன்பே உலகத்துக்குப் போட்டிருந்தாள். கீழே கணக்கில்லாமல் சிவப்பு இதயங்கள். கொடுத்து வைத்த பெண்மணி என்று யாரோ எழுதியிருந்தார்கள். கொடுத்து வைத்தவளாம்!

"அழி. என் கண் முன்னால் அழி" என்றேன்.

கீழேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னாம்மா சத்தம்? வயித்துப் புள்ளய வெச்சிக்கினு ஏன் இப்பிடிக் கத்தற? கீழ வா."

அந்தப் பெண்ணும் என் பின்னாலேயே வந்தாள். வளையலை உடைத்த விடியற்காலையில் அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், கருமாதிக்குப் பிறகு அம்மா உள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, அதனால் என் அம்மாவை அவள் இந்தக் கோலத்தில் பார்த்தது அப்போதுதான். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, மொட்டைக் கைகள். அறை வாசலிலேயே அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாவுக்குத் துணையாக இருந்த அத்தை, "இன்னாடி இது, இவ எதுக்கு அழுவறா?" என்று எழுந்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் மறுபடி உயர்ந்துவிட்டது.

"குடு, பாக்கறேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.

அம்மா போனைக் கிட்டே வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. இதைப் போய் ஏன் பார்க்கிறாள் என்று அம்மா மீதும் கோபம் வந்தது.

"மொதல்ல அத அழிக்கச் சொல்லுடி" என்றார் அத்தை. "பூவும் பொட்டுமா அண்ணிய ஊரு ஒலகமெல்லாம் பாக்கணுமா? எவ்ளோ அசிங்கம்! வெள்ளக்காரிய உள்ள வுட்டதே தப்பு."

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க அத்தினி பேரும் அன்னிக்கி என்ன பொணமாத்தாம்மா பாத்தீங்க" என்றாள். "பொணத்துக்குப் போடற மாதிரிதான் பூவப் போட்டீங்க. ஒருத்தியாச்சும் என் மூஞ்சியப் பாத்தீங்களா? தோ, இந்தப் பொண்ணு ஒன்னுதான் எனக்குன்னு வெச்சிது. சரியுதுனு எடுத்து மறுபடியும் வெச்சிது, பாரு. பொணத்துக்கு யாராச்சும் அப்பிடி எடுத்து வெப்பாங்களா?"

மாமா இறந்த வருஷம் அத்தைக்கும் இதையெல்லாம் செய்திருந்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"ஊருக்கெல்லாம் காட்ட வேணாம்" என்று அம்மா என்னிடம் போனைக் கொடுத்தாள். "எனக்கு ஒன்னு அனுப்பிட்டு அப்புறம் அழிச்சிடச் சொல்லு. அன்னிக்கி என்ன வேற யாரும் போட்டோ புடிக்கல."

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஏதோ பெரிதாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. அம்மாவின் முகத்தையும் அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அம்மா என்ன சொன்னார்கள்?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு வார்த்தைகள் இருந்தன. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவளுக்கு மன்னிப்பும் கிடைத்துவிடும், கதைக்கு முடிவும் கிடைத்துவிடும். அடுத்த நாட்டில், அடுத்த மாடியில், பாயில் உட்கார்ந்து என் அம்மா சொன்னதை அவள் சொல்லுவாள், கேட்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளுவார்கள். அவள் கெட்டவள் இல்லை. என் அம்மாவுக்கு நான் செய்ய முடியாததை அவள் செய்திருக்கிறாள். அதற்காகவும் அவள் மீது எனக்குக் கோபம்தான்.

"படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடச் சொன்னார்கள்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.