வீரபாண்டியில் ஓர் அஞ்சலிக் கச்சேரி

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் வழியில் வீரபாண்டியில் இறங்கியிருக்கிறேன். பொழுது சாய்கிறது. திருவிழா மேடையில், போன வருடம் இறந்துபோன உள்ளூர்ப் பாடகருக்கு அஞ்சலிக் கச்சேரி நடக்கிறது. சினிமாப் பாட்டே கேட்டுப் பழகிய கூட்டத்தை, டிரம்ஸும் பேஸ் கித்தாரும் துள்ளும் சொந்தப் பாட்டுகளால் ஆட வைத்தவராம். ஃபிளக்ஸில் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கிறார்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருக்கும் அம்மா, தான் அந்தப் பாடகரின் மனைவி என்கிறார். முன்வரிசைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கச்சேரி நடத்தும் இசைக்குழுத் தலைவர் மைக்கைப் பிடிக்கிறார். "அடுத்த பாட்டு, என் நண்பனுக்காக நானே மெட்டுப் போட்டது."

டிரம்ஸ் தொடங்கியதும் அந்த அம்மாவின் முகம் இறுகுகிறது.

"இது அவுக மெட்டு தம்பி. மேகமலைக்கு ஜீப்புல போகையில, டேஷ்போர்டத் தட்டித் தட்டிப் பாடுனாக. நான் பக்கத்துல இருந்தேன்."

"மேடையில போய்ச் சொல்லலாமே அக்கா?"

"சொன்னா நாளைக்கே எம் மகள வேணாம்பான். இந்தக் குழுவ விட்டா அவளுக்கு இங்கன வேற மேடை ஏது?"

பச்சைச் சுடிதாரில் ஒரு பெண் பாட வருகிறாள். "அவதான்" என்கிறார்.

"இது அப்பா மெட்டுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? வீட்டுல அப்பாவோட சேந்து பாடுனவ."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். கூட்டம் எழுந்து ஆடுகிறது. பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர் முன்னால் வந்து கும்பிடுகிறார். மகள் ஓரமாக விலகி நிற்கிறாள்.

அந்த அம்மா பலமாகக் கை தட்டுகிறார். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

"தட்டலேன்னா அவன் கவனிப்பான்" என்கிறார்.