போல்ட்டு போட்ட அண்டா

எழுபதுகளில் திருப்பூருக்கு மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போகும். நல்லூரில் நான் இன்ஜினியராக இருந்த பனியன் கம்பெனியில் தீபாவளிச் சரக்கு பாதிகூட முடியவில்லை. முடியாவிட்டால் கல்கத்தா வியாபாரி வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நம்ம கரண்ட்ட நாமளே செஞ்சுக்கலாமுங்களா?"

செய்யலாம்தான். வாயுவில் ஓடும் இன்ஜின் ஒன்று போதும்; ஆனால் அதற்கு இயற்கை எரிவாயுவுக்கு எங்கே போவது? அடுப்புக்கரியை மூடிய உலையில் கனலவிட்டு, அதில் வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டி, இன்ஜினால் டைனமோவைச் சுற்றுவது என்று திட்டம் போட்டேன். புகைக்குழாயில் வீணாகும் சூட்டை ஒரு செம்புத் தொட்டிக்குள் வளைத்துவிட்டால் துணிச் சலவைக்கு வெந்நீர். ஒரே கரிக்கு இரண்டு வேலை.

தொட்டியைத் திறந்தபடிதான் வரைந்திருந்தேன். மூடி இறுக்கினால் ஆவி அழுத்தம் கட்டும். சட்டப்படி அது பாயிலர். பாயிலருக்கு அனுமதி, அனுமதிக்கு மனு, மனுவுக்கு இணைப்பு. அதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். அந்த நடைமுறை முழுக்க எனக்கு மனப்பாடம். அதனால்தான் அதன் பக்கமே போகவில்லை.

பெல்ட் வாங்கக் கோயமுத்தூர் போய்த் திரும்பிய காலையில் பார்க்கிறேன்: தொட்டி செய்யக் கொடுத்திருந்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் அதைப் பொருத்தி முடித்திருந்தார். மேலே பளபளவென்று ஒரு மூடி, சுற்றிலும் போல்ட்டு. பக்கத்தில், புதுப் புகைபோக்கியைப் பார்த்து உள்ளே வந்த பாயிலர் இன்ஸ்பெக்டர்.

"இது என்னங்க?"

"அண்டாங்க" என்றார் முதலாளி.

"அண்டாவுக்கு எதுக்குங்க போல்ட்டு?"

பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "மூடியில்லாம ஏனத்தக் குடுத்தா எங்க ஊர்ல சிரிப்பாங்க. ஒரு சொட்டு கசியாதுங்க!"

எனக்கு மனுவின் முதல் வரி கண்முன் ஓடியது.

"மூடி இருந்தா பாயிலரு, சீல் வெப்பேன். இல்லாட்டி அண்டா, ஊட்டுக்குப் போறேன். எது வேணுமுங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி பட்டறைக்காரரிடம் கைகூப்பினார். "சாமி, கழட்டுங்க சாமி!"

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் போல அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். இன்ஜினைச் சுற்றிவிட்டோம். இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. பல்பு எரிந்தது. நிட்டிங் மிஷின்கள் கடகடக்க, தொட்டியில் ஆவி எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள், முதலாளியாகத்தான் இருக்கும்.

சரக்கு ரயிலேறிய அன்று கம்பெனியில் கேசரி. அத்தனை பேருக்குப் போதுமான தட்டு இல்லாததால், அந்த மூடியைக் கழுவி மல்லாத்திப் போட்டு அதில் கொட்டினார்கள். நெய் மிதந்தது. பட்டறைக்காரர் குனிந்து அடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு கசியல."