லாரி விளையாட்டுக்குப் போட்ட பூட்டு

கம்ப்யூட்டர் விளையாட்டைக் காசு கொடுக்காமல் நகல் எடுப்பது திருட்டு. இந்தக் கருத்தில் நான் இன்றுவரை மாறவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் மாறினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கொல்லிமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். ஏன் விட்டேன் என்பது இங்கே தேவையில்லை. சும்மா இருந்தால் அம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவாள் என்பதால் ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரியை மலையிலிருந்து எழுபது வளைவுகள் வழியாக அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். அவ்வளவுதான். சுடுவதற்கு ஆள் கிடையாது, பேய் கிடையாது, புதையல் கிடையாது. பிரேக்கை அதிகம் மிதித்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். வேகமாகத் திருப்பினால் மூட்டை சரியும். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். பஸ்காரர் ஒதுங்க மாட்டார்.

என் அப்பா அந்த ரோட்டில் கிழங்கு லாரி ஓட்டியவர். மூட்டுவலி வந்து ஸ்டியரிங்கை விட்டாரே தவிர, ஓட்டுவதை விடவில்லை. பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு யோசனை சொல்லுவார். அதனால் விளையாட்டில் அவரைக் கிளீனர் சீட்டில் உட்கார வைத்தேன். லாரி ஓட்டுவது நீங்கள். பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவது அப்பா.

வீட்டில் சத்தம் இல்லாத ஒரே இடம் மிளகு மூட்டை அடுக்கிய அறை. அங்கே வைத்துத்தான் அவர் குரலைப் பதிவு செய்தேன். "கியர்ல எறக்கு கண்ணு, பிரேக்க நம்பாத." "ஆரன் அடி சாமி, அந்தப் பக்கம் பஸ்சு வருது." "ஏன் சாமி, கெழங்கு ஏத்தியிருக்கறயா, காத்து ஏத்தியிருக்கறயா?" ஒரு வளைவுக்குச் சொன்னதை இன்னொரு வளைவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கொணம் இருக்குது. ஒரே திட்டு எப்படிக் கண்ணு சேரும்?" என்று எழுபதுக்கும் தனித்தனியாகத் திட்டினார்.

மிளகு நெடியில் இடையிடையே தும்மினார். அவர் தும்மும்போதெல்லாம் சமையலறையிலிருந்து அம்மா "நூறாயுசு" என்று குரல் கொடுப்பாள். பதிவு நடக்கும்போது பேசாதே என்றேன். "தும்முனா சொல்லாம எப்படி இருக்கறது?" என்று கேட்டாள். மற்ற இடங்களில் வெட்டிவிட்டேன். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் மட்டும் தும்மலும் நூறாயுசும் திட்டோடு ஒட்டிக்கொண்டு வர, அப்படியே விட்டுவிட்டேன்.

விளையாட்டு முடிந்ததும் அது திருடு போய்விடும் என்ற பயம் வந்தது. அதுவரை என்னிடம் திருட ஒன்றும் இருந்ததில்லை. அந்தப் பயம் எனக்குப் புதிது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சென்னையில் விளையாட்டுகளுக்குப் பூட்டு போட்டுத் தரும் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். நாம் கொடுப்பதையெல்லாம் மூட்டையாகக் கட்டி அவர்கள் பூட்டிவிடுவார்கள். வாங்கியவர் ஒவ்வொரு முறை விளையாட்டைத் திறக்கும்போதும், அது இன்டர்நெட் வழியாகச் சென்னைக்குப் போய், இவர் காசு கொடுத்தவர்தானா என்று கேட்டுவிட்டு வரும். சென்னை சரி என்றால் திறக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால் செல்போனில் இரண்டு கோடு வரும். இது எனக்குத் தெரியாததல்ல. பூட்டு கம்பெனிக்கு மெயில் அனுப்பியதே அந்தப் பாறையில் உட்கார்ந்துதான். ஆனால் வாங்குகிறவர்கள் உலகமெங்கும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வாங்கியவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். உலகத்துக்கு மரவள்ளி லாரியில் ஆர்வம் இல்லை.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய்தான் விற்றுத் தந்தார். ஒரு பென் டிரைவ், அதோடு சாவி எண் அச்சடித்த ஒரு அட்டை. வாங்கியவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனார்கள். அங்கே விளையாட்டைத் திறந்து, மூடாமல் வீடு வரைக்கும் கொண்டுவர வேண்டும். மூடினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பும் பால் பாத்திரத்தைக் கொண்டுவருவது போல் ஆட்கள் பாறையிலிருந்து இறங்குவதை எங்கள் வாசலில் நின்றே பார்க்கலாம். மலையின் இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து வந்த ஒரு வாத்தியார் வழுக்கி விழுந்தார். லேப்டாப்பை விடவில்லை. விழுந்த வேகத்தில் அது தானாக மூடிக்கொண்டது.

அப்பாவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். மூட்டுவலியோடு பாறை ஏற முடியாது என்பதால் அவராலும் திறக்க முடியவில்லை.

"நா பேசுனத நா கேக்கறதுக்கு மெட்ராசுக்காரங்கிட்ட எதுக்குக் கண்ணு கேக்கோணும்?"

"திருடங்க எடுத்துருவாங்கப்பா."

"எடுத்து?"

என் லேப்டாப்பில் பூட்டு போடாதது இருக்கிறது, அதில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பூட்டை உடைத்த நகல் ஒன்று எங்கிருந்தோ கிளம்பி ஊருக்குள் வந்துவிட்டது. உடைத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. எங்கள் நிலத்தை ஒட்டிய பக்கத்துக் காட்டு மாமாவின் மகள் ராசிபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள், அவள் தோழியிடமிருந்து வாங்கி வந்தாள். அதைப் பாறைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே லாரி ஓட்டலாம். அதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் என்னவென்று கேட்காதவர்கள்கூட, பூட்டு உடைத்தது வந்திருக்கிறதாமே என்று கேட்டு வாங்கிப் போனார்கள். பூட்டு போடாமலே விட்டிருந்தால் பாதிப் பேருக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரிந்திருக்காது.

பாய் கடைக்குப் போனேன். அவர் திருட்டு நகலைக் கையால் தொடாதவர். வாங்கியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எரிச்சலில் இருந்தார்.

"ஏனுங்கம்மா, காசு குடுத்து வாங்குனவங்க என்னையத் திட்டறாங்க. குடுக்காதவங்க நிம்மதியா வெளையாடறாங்க. இந்தப் பூட்டு யாருக்குப் போட்டதுங்க?"

"திருடங்களுக்குத்தானுங்க பாய்."

"அவங்ககிட்டத்தான் அது இல்லீங்களே."

மீதி இருந்த பென் டிரைவ்களை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

பிறகு ராகி அறுவடை முடிந்து தை பிறந்தது. எங்கள் மலையில் விதை கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்வதில்லை. ஒரு படி விதை வாங்கினால் அறுவடைக்குப் பிறகு இரண்டு படியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தையில் ஒரு நாள் காலை, பக்கத்துக் காட்டு மாமா குளித்து, திருநீறு பூசி, கையில் முறத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ராகி கொண்டு வந்திருக்கிறார் என்று அம்மா பாத்திரம் எடுத்து வந்தாள். முறத்தில் இரண்டு பென் டிரைவ் இருந்தன.

"ஒண்ணு வாங்குனோம் சாமி. ரெண்டாக் கொண்டாந்திருக்கறேன்."

"என்னதுங் மாமா?"

"உன்ற லாரி கேம்தான். ரெண்டுலயும் போட்டிருக்குது. நல்லா ஓடுதான்னு பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

என் விளையாட்டைத் திருடி, திருடியதை இரண்டாக்கி, திருநீறு பூசிக்கொண்டு எனக்கே கொடுக்கிறார். கடனில் குறை வைக்காத மனிதரின் நிறைவு முகத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் உறவு போய்விடும் என்று வாங்கி வைத்தேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் முறத்தோடு வந்தார்கள். திருட்டு நகல் எடுத்தவர்கள் இவ்வளவு நாணயமாக நடந்துகொண்ட ஊர் வேறெங்கும் இருக்காது. காசு கொடுத்து வாங்கியவர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் என்மேல் கோபமாக இருந்தார்கள்.

வந்ததெல்லாம் அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். எனக்கு அப்படியில்லை. திருட்டுப் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று அத்தனை பென் டிரைவையும் அழித்து, அம்மாவுக்குப் பக்திப் பாட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை போனது, பேச்சு போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஆமா. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. உள்ளே வேறு எதையோ சொல்ல வந்து, வாயில் அந்த ஒரு சொல்லே வர, அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். பஸ் டிரைவருக்கே யோசனை சொன்ன மனிதர். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மையார், "இவரு வழக்கமாப் பேசற பேச்சு ஏதாச்சும் பதிவு பண்ணி வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டார். "கேட்டாப் பேச்சு வந்துரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரு கொரல அவரு கேட்டா மனசுக்குத் தெம்பா இருக்குமுங்க."

"இருக்குதுங்க, எழுவது வளைவுக்கும் இருக்குதுங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் லேப்டாப் எரிந்து கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் இடி விழுந்திருக்கிறது. லேப்டாப் பிளக்கில் இருந்தது. பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அந்த லேப்டாப்பிலேயே செருகியிருந்தது. இரண்டும் சேர்ந்தே போயிருந்தன.

பாய் கொடுத்த பையில் பூட்டு போட்ட பென் டிரைவ்கள் இருந்தன. அவரிடமே ஒரு பழைய லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு பாறைமேல் ஏறினேன். அட்டையில் இருந்த சாவி எண்ணை அடித்தேன். சென்னை பதில் சொல்லவில்லை. மறுபடி அடித்தேன். பிறகு மெயிலைத் திறந்து பார்த்தேன். கம்பெனியை மூடிவிட்டார்களாம். இத்தனை காலம் அவர்களோடு பயணம் செய்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கொடுத்திருந்த போன் எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

அப்பாவின் குரல் என் மடியில்தான் இருந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாதென்று நான் போட்ட பூட்டு, யாரும் எடுக்க முடியாமல் அதைக் காத்துக்கொண்டிருந்தது. பூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். விளக்கு வைத்திருந்தார்கள்.

"மாமா, அந்த லாரி கேம் வேணுமுங்க."

"அது உன்றதுதானே சாமி?"

"என்கிட்ட இல்லீங்."

"நாங் குடுத்தது?"

"அழிச்சுட்டேனுங்க."

அவர் திட்டவில்லை. விதைக்கு வைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தார். அப்பாவுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வெளக்கு வெச்ச பொறவு வெதை வூட்ட வுட்டு வெளிய போகக் கூடாது. காலைல வா கண்ணு."

"இது கேமுங்க மாமா."

"எங்களுக்கு அது வெதையாத்தான் வந்துச்சு."

இவ்வளவு படித்த நான் அந்த மனிதரிடம் வாதம் செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் குளித்து, அம்மா கொடுத்த முறத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமா மகளை எழுப்பி, ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பென் டிரைவை முறத்தில் வைத்தார். அடுத்த தையில் அதை இரண்டாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அழிக்கவில்லை.

அப்பாவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, இரவல் லேப்டாப்பை அவர் பக்கத்தில் வைத்தேன். நான் ஓட்டினேன்.

"கியர்ல எறக்கு கண்ணு, பிரேக்க நம்பாத" என்று திட்டு ஆரம்பித்தது.

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

"ஆரன் அடி சாமி, அந்தப் பக்கம் பஸ்சு வருது."

"ஆமா."

இத்தனை நாளில் முதல் முறையாக அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது. அதை அவரும் கண்டுகொண்டார். வளைவுக்கு வளைவு சத்தம் கூடியது. நான் வேண்டுமென்றே மூட்டையைச் சரித்தேன். கிழங்கா காற்றா என்று லாரிக்குள் இருந்தவர் கேட்டதும், கட்டிலில் இருந்தவர் இடது கையால் என் தோளில் ஒன்று வைத்து, "ஆமா!" என்றார்.

கதவருகே நின்ற அம்மா, "கல்யாணம் ஆன நாள்லருந்து இன்னிக்குத்தான் இந்த மனுசன் இன்னொருத்தரு பேச்சுக்கு ஆமாங்கறாரு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அடிவாரம் நெருங்கியது. லேப்டாப்பில் அப்பா தும்மினார். லேப்டாப்பின் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அதே நேரத்தில் கதவருகே நின்ற அம்மாவும், யோசிக்காமல், "நூறாயுசு" என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

லாரி அடிவாரம் சேர்ந்தது. நான் லேப்டாப்பை மூடினேன்.

"மறுக்காப் போடு கண்ணு" என்றாள் அம்மா.

திறந்தேன். யாரையும் எதையும் கேட்காமல் விளையாட்டு திறந்தது.