இடது ஓரத்தில் கிட்டாரோடு ஒரு பெண்

வீடியோ டெக் சூடேறினால் ஒரு வாசனை வரும்... பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து லேசாகக் கருகுகிற மாதிரி. என் முதல் வேலையை நினைத்தாலே அந்த வாசனைதான் மூக்கில் ஏறுகிறது.

மாத்தளை டவுனில் ஒரு வீடியோ கடை. எனக்கு அப்போது இருபது வயது. காலையில் உக்குவளையில் பஸ் ஏறிப் போவேன். என்னோடு வேலை செய்தவள் பரீனா, டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. முதலாளி சுனில் அண்ணன் சிங்களவர், ரொக் பாட்டு என்றால் உயிர். அவருடைய தம்பி இத்தாலியிலிருந்து அனுப்பிய கசெட்டுகளைக் கடை திறந்ததும் போட்டுவிடுவார். நாங்கள் தூசி தட்டிக்கொண்டே பார்ப்போம்.

நீண்ட முடி, இறுக்கமான கால்சட்டை, புகை, விளக்கு... வாசிப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள். பெண் வந்தால் ஆடுவாள், இல்லாவிட்டால் கார்மேல் சாய்ந்து நிற்பாள்.

பரீனாதான் ஒருநாள் கேட்டாள்.

"மேரி, இதுல ஒன் கலர்ல ஒரு பொம்பளையாவது வாசிச்சுப் பாத்திருக்கியா?"

பிறகு தேடுவதே எங்கள் வேலையாகிவிட்டது. பின்னால் நின்று கோரஸ் பாடும் கறுப்புப் பெண்கள் கிடைத்தார்கள். முகம் பிடிபடுவதற்குள் கெமரா பாடகரிடம் ஓடிவிடும்.

மழை கொட்டிய ஒரு பகல். கடையில் ஆளில்லை. சுனில் அண்ணன் நூறு தடவை பார்த்த ஒரு பழைய பாட்டு ஓடியது. திரையின் இடது ஓரத்தில்... என் நிறத்தில் ஒரு பெண். கழுத்தில் கிட்டார். ஆடவில்லை, சிரித்துக் காட்டவும் இல்லை. நின்று வாசித்தாள். இரண்டே வினாடிதான்.

பரீனா ரீவைண்ட் பண்ணி நிறுத்தினாள். படம் கோடு கோடாக நடுங்கியது. டெக்கின் ஹெட் தேய்ந்துவிடும் என்று சுனில் அண்ணன் பதறி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளும் இந்தப் பெண்ணை நான் கண்டதே இல்லையே என்றார்.

அன்றைக்குத்தான் பரீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வெளிநாடு போன என் சொந்த அண்ணன் விட்டுப்போன கிட்டாரில் நான் ஆறேழு கோர்ட்ஸ் பிடிக்கப் பழகியிருந்தேன். எங்கள் மாதா கோயிலில் வாசிக்கட்டுமா என்று பாடகர் குழு மாஸ்டரிடம் கேட்டதற்கு, பொம்பளைப் பிள்ளைகள் பாடினால் போதும் என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

பரீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ கேட்டதுதான் பிழை. கொண்டு போய் நில்லு. வெளிய போன்னு சொல்லட்டும், பாப்போம்."

ஞாயிறு பூசைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அம்மா இரண்டடி முன்னால் விலகி நடந்தாள். பாட்டுக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றேன். மாஸ்டர் பார்த்தார். கோயிலே பார்த்தது. ஃபாதர் உள்ளே வந்துகொண்டிருந்தார், பாட்டைத் தொடங்கியாக வேண்டும். என்னை அனுப்ப மாஸ்டருக்கு நேரமில்லை.

வாசித்தேன். முதல் பாட்டில் இரண்டு இடத்தில் பிழை விட்டேன்.

முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டாவது பாட்டுக்கு அவ்வளவு வேகம் வேணாம். அடுத்த கெழம கொஞ்சம் மெதுவா வாசிங்க."

அடுத்த கிழமை... வீடு வரைக்கும் அந்த இரண்டு சொல்லையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாதான் ஒழுங்கையில் திரும்பும்போது, மீட்டுகிற வலது கை நன்றாகப் போனது என்றாள்.

இப்போது போனைத் தட்டினால் எல்லா நிறத்துப் பெண்களும் எல்லா வாத்தியமும் வாசிக்கிறார்கள். பலாபத்வலயில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பரீனா நாளுக்கு மூன்று வீடியோ அனுப்புகிறாள். நல்ல காலம்தான். ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடிக்கிற அந்தத் துள்ளல் மட்டும் இப்போது வருவதில்லை.

போன சனிக்கிழமை எங்கள் கோயில் பாட்டுப் பயிற்சிக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். பதினான்கு வயதிருக்கும். நேராகப் போய் டிரம்ஸில் உட்கார்ந்தாள். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளுக்கு இருந்த ஒரே குறை ஸ்டூல்.

"ஆன்ட்டி, இதக் கொஞ்சம் எறக்கித் தாங்க. கால் எட்டல."

குனிந்து திருகாணியைத் தளர்த்தினேன். நான் நிமிர்வதற்குள் அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.