‘ஹம்’ என்று எழுதியிருந்த கேசட்டுகள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குத் தெற்கே தகனினி என்ற இடத்தில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன மூன்றாவது மாதம் இது நடந்தது. இங்கே குளிர்காலம் என்றால் மழைதான். ஆல்பனியில் இருக்கும் ஆபீசுக்குப் போக மோட்டர்வேயில் ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும், காலையில் துவைத்த துணி காய்ந்திருக்காது. மனுஷன் முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் சனி, ஞாயிறுகளில்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு இங்கிலாந்துப் பெரியவர் இருந்தார். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்க வந்தவர். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நுரையீரல் பழுதாகி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் நடமாட்டம். புதன்கிழமை சாயங்காலம் குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். பாதி வழியில் மூச்சு வாங்கும். நான் போய் வாங்கித் தள்ளிவிடுவேன். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. ‘அப்பா ஒரு பாடகர்’ என்று அவர் மகள் சொன்னபோது, குளிக்கும்போது பாடுகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் நாற்பது வருடம் மேடையில் பாடியவர், சொந்தமாகப் பாட்டு எழுதிப் பத்துப் பதினைந்து ஆல்பம் போட்டவர் என்று.

ஒரு சிடி கொடுத்தார். என் காரோ பழசு, அதில் சிடி போடலாம். மறுநாள் மோட்டர்வே நெரிசலில் போட்டேன். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். மெட்டெல்லாம் அவர் ஊர்ப்பக்கத்து நாட்டுப்பாடல் மெட்டு, நூற்றுக்கணக்கான வருடம் பழையது. வார்த்தை மட்டும் இன்றைக்கு உள்ளது. நம்மூரில் நாற்று நடும்போது பாடுகிற மெட்டில் கேஸ் சிலிண்டர் விலையைப் பற்றிப் பாடினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. மூடிப்போன தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவன் இன்னமும் அதிகாலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டே வந்ததில் மோட்டர்வேயிலிருந்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் ஒன்பது கேசட். இங்கிலாந்தில் அவரும் மனைவியும் இருந்த சின்ன வீட்டின் சமையலறையில், ஒவ்வொரு கேசட்டிலும் ஒரு பாட்டாக அவர் பாடிப் பதிந்தவை. எந்த ஆல்பத்திலும் வராத பாட்டுகள். இனிமேல் தன்னால் பாட முடியாது, இதிலிருந்துதான் கடைசி ஆல்பத்தைச் செய்ய வேண்டும், இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர்கள் யாராவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நானே செய்கிறேன், இரண்டு வாரத்தில் தருகிறேன் என்றேன். போதாததற்கு, என் வேலையே கம்பெனியின் தகவல்கள் தொலைந்துபோகாமல் நகலெடுத்துப் பாதுகாப்பதுதான் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

கேசட் போட்டுக் கேட்கிற பெட்டிக்காக, ஆக்லாந்து போகிற வழியில் இருக்கும் ஒடாஹுஹு போனேன். அங்கே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் பழைய ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெட்டியைத் துடைத்து, வயர் போட்டுக் கொடுத்துவிட்டு, “கொப்பி எடுத்தாப் பிறகும் கசெட்டை எறிஞ்சு போடாதேங்கோ தம்பி. பழசு எண்டாலும் அதுதான் மூலம்” என்றார். தகவல் பாதுகாப்புக்காரனான எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

கேசட்டுகளின் மேல் பாட்டின் பெயர் மையில் எழுதியிருந்தது. ஆறு கேசட்டில் மட்டும் அதற்குக் கீழே பென்சிலில் ‘ஹம்’ என்று ஒரு வார்த்தை. சத்தப் பதிவில் கொஞ்சம் கைவைத்தவர்களுக்கு அது தெரிந்த வார்த்தை. கரண்ட் வயரிலிருந்து பதிவில் ஏறிவிடும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலை அப்படித்தான் சொல்வார்கள். ஓட விட்டால், அந்த ஆறிலும் அடியில் மெல்லிசாக ஒரு ‘ம்ம்ம்’ ஓடிக்கொண்டேதான் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே சத்தம், ஒரே உயரம். கரண்ட் இல்லாமல் வேறென்ன? பாவம், மனிதர் பழுது இருக்கும் கேசட்டையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்காமலே சரிசெய்து கொடுத்தால் அசந்துபோவார் என்றும் நினைத்தேன்.

அதற்கு மென்பொருள் இருக்கிறது. எது இரைச்சல் என்று முதலில் அதற்குக் காட்ட வேண்டும். ஒரு பாட்டு தொடங்கும் முன்னால் அந்த ‘ம்ம்ம்’ மட்டும் தனியாகக் கேட்கிற ஒரு துண்டை வெட்டி, மாதிரியாகக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு ஆறு பாட்டிலும் அதே சத்தத்தைத் தேடித் தேடித் துடைத்துவிட்டது. எந்தப் பாட்டையும் நான் முழுதாகக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது, பள்ளி நாளில் பாட்டு கற்றுக்கொண்ட என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“என்னங்க, யாரோ சுருதி பிடிக்கிற மாதிரி கேக்குதே?”

“சுருதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரண்ட் சத்தம். அவரே மேல எழுதி வெச்சிருக்காரு பாரு.”

“என்னமோ, எனக்கு மனுஷக் குரல் மாதிரிதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வேலையை முடித்தேன். கம்ப்யூட்டரில் இடம் இல்லை, எங்கள் மகளின் பிறந்தநாள் வீடியோவே பாதியை அடைத்திருந்தது. அதனால் சுத்தம் செய்த பாட்டை அதே பெயரில், பழைய பதிவின் மேலேயே சேமித்தேன். ஆபீசில் யாராவது இப்படிச் செய்தால் நான் கத்துவேன்.

கேசட் பெட்டியில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆக்லாந்து ஈரத்தில் எங்கள் சுவரே கறுத்துப்போயிருந்தது, மகளுக்கோ மூச்சு இழுக்கும். பெட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று மனைவி சொன்னாள். கராஜில் வைத்திருக்கலாம், அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். பாட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதே என்று, புதன்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கேசட்டுகளோடு அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டு வாசலில் வைத்தேன். அன்றும் அவருடைய தொட்டியை நான்தான் தள்ளிவிட்டேன். இரண்டு தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வியாழக்கிழமை காலையில் லாரி வந்து எடுத்துப்போனது.

சனிக்கிழமை மதியம் பாட்டுகளைக் கொண்டுபோனேன். வெளியே மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு தொடங்கியது. இளமையான குரல், கணீரென்று இருந்தது. அவர் முகத்தில் மட்டும் எதற்கோ காத்திருக்கிற பாவனை. பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்து, ‘ஹம்’ எங்கே என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, துளிகூட விடாமல் எடுத்துவிட்டேன் என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கோபப்படவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். அது கரண்ட் சத்தம் இல்லை, என் மனைவி. நான் பாடும்போது அவள் பக்கத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டு வாயை மூடியபடி ஒரே சுரத்தில் முனகுவாள், அதன் மேல்தான் நான் பாடுவேன். மேடைக்கு வந்ததே இல்லை, மைக் முன்னால் நின்றதும் இல்லை. அவள் குரல் இந்த ஆறு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது, இந்த ஆல்பமே அதற்காகத்தான் என்றார். அப்படி முனகுவதற்கும் இங்கிலீஷில் அதே வார்த்தைதான். எனக்கும் தெரிந்த வார்த்தை. ஆனால் அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது ஒரு அர்த்தம் மட்டும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, பரவாயில்லை, கேசட் இருக்கிறதே, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றார். நான் ஆமாம், வீட்டில் இருக்கிறது என்றேன்.

வெளியே வந்து மழையில் நின்றபடி எங்கள் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு வாழைப்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அழிந்த பதிவை மீட்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன், மேலே எழுதியதற்கு அடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மனைவியிடம் சொன்னபோது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று பயந்திருந்தேன். கேட்கவில்லை.

“பொய்யச் சொல்லிட்டுப் பக்கத்து வீட்டுல எத்தனை நாளைக்கு இருப்பீங்க? போய்ச் சொல்லிடுங்க” என்றாள்.

போகவில்லை. அந்தப் புதன்கிழமை அவர் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டும் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இருமிக்கொண்டே ஒற்றையாளாகத் தள்ளிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி ஒடாஹுஹு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைக்கார அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தார். “இல்லாத கசெட்டை நான் எப்பிடித் தம்பி திருத்துறது?” என்றார். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“எது இரைச்சல் எண்டு கொம்ப்யூட்டருக்கு ஒரு துண்டு காட்டினனீங்கள் எல்லோ? அதையும் அழிச்சிட்டீங்களோ?”

அழிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து திறந்தேன், மாதிரித் துண்டு தனி ஃபைலாகக் கிடந்தது. பதினோரு நொடி. இந்தத் தடவை முழுதாகக் கேட்டேன். பாத்திரம் வைக்கிற சத்தம், அப்புறம் ‘ம்ம்ம்’ என்று ஒரு பெண் குரல், நடுவில் அவள் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. மூச்சு வாங்குகிற கரண்ட் எங்கே இருக்கிறது? என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானமே அவர் முன்னால் போய் நின்று குப்பைத்தொட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். பதினோரு நொடிதான் மிச்சம் என்றேன். போடச் சொன்னார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, அவர் மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். கடைசியில் அவர், மற்ற இடத்திலெல்லாம் என் குரல் அவள் குரலை மறைத்துக்கொண்டு நிற்கும், இதில் அவள் மட்டும் இருக்கிறாள் என்றார். என் ஆறுதலுக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்தபோது கையை நீட்டினார், குலுக்கினேன். அதற்குப் பிறகு அவர் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் இறந்துபோனார். சில மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்யும்போது அவர் மகள் வந்து ஒரு சிடி கொடுத்தார். கடைசி ஆல்பம். ஒன்பது பாட்டும் நான் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தன. பத்தாவதாக, பெயரே இல்லாமல், பதினோரு நொடி. அட்டையின் பின்னால் குரல், கிட்டார் என்று அவர் பெயர். அதற்குக் கீழே மனைவியின் பெயர், பக்கத்தில் ‘ஹம்’ என்ற அந்த ஒரே வார்த்தை. அது மட்டும் அச்செழுத்து இல்லை. கேசட்டில் இருந்த அதே பென்சில் கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியிருந்தது.

அந்த சிடியில் கடைசித் துண்டை மட்டும்தான் நான் முழுதாகக் கேட்டிருக்கிறேன். மற்ற பாட்டுகளைப் போட்டால், வரிக்கும் வரிக்கும் நடுவில் எந்தச் சத்தமும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆபீசில் இப்போதெல்லாம் எதையாவது அழிக்கச் சொன்னால் ஒவ்வொன்றையும் திறந்து, முழுதாகப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் கைவைக்கிறேன். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பதினோரு நொடிதான் மிச்சம் என்று ஒரு மனிதர் முன்னால் போய் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை.