கடைமடைக்கு வந்த குரல்

போன சம்பா நடவின்போது என் போன் வயலில் விழுந்துவிட்டது. வாமடையை அடைக்க மண்வெட்டியோடு குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து நழுவி நேராகச் சேற்றுக்குள் போய்விட்டது. வாமடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற சின்ன வாசல். அதற்குக் கதவெல்லாம் கிடையாது. ஒரு வெட்டு மண்ணைப் போட்டால் அடைந்துவிடும், எடுத்தால் திறந்துகொள்ளும்.

அரிசிக்குள் புதைத்து வை, ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று ஊரே சொன்னது. எங்கள் பக்கத்தில் அரிசிக்கா பஞ்சம்? ஒரு குண்டான் நிறைய அரிசியைக் கொட்டி, நடுவில் போனைப் புதைத்து மூடி வைத்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அடிக்கடி போய் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

“அப்பா, அம்மா உள்ளதான் இருக்காங்களா?”

“அம்மா குவைத்துல இருக்காங்க. போன்தான் அரிசிக்குள்ள இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள்.

அவளைப் பொறுத்தவரை ஒன்றுதான். என் மனைவி குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, கதவைச் சாத்திவிட்டு, போனில் அம்மா சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டே பாப்பா தூங்கிப்போவாள். கடைசியாகச் சொன்னது ஒரு கொக்கின் கதை. மழை தினமும் எங்கே போய்த் தூங்குகிறது என்று பார்க்க ஒரு கொக்கு கிளம்புகிறது. வயலைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, கடற்கரை வரைக்கும் வந்துவிட்டது. எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அவளை யாரோ வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். “மீதி அடுத்த வெள்ளி” என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் போன் சேற்றில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் போனில் பேசி விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்னாள், இந்த வெள்ளி கழிந்தால் வேறு வார்டுக்கு மாற்றுகிறார்களாம், அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை கிடையாதாம், மறுபடி எப்போது இப்படி ஓய்வாகப் பேச முடியும் என்று தெரியாதாம். பாப்பா அந்தப் போனை என் கையிலிருந்து பிடுங்கி, “கொக்கு வீட்டுக்குத் திரும்பி வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று போனுக்காகக் காத்திருந்தார். அவசரத்தில் சொல்கிற கதையா அது? “வெள்ளிக்கிழம சொல்றேன் சாமி” என்றாள் என் மனைவி.

அரிசிக்குள் இருந்த போன் உயிர் பெறவில்லை. ஆகவே அந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேறு வழி வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. என் மனைவியின் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவன் இப்போது தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிறான், புதிதாக வேறு வாங்கிவிட்டான். பழையதில் இலவசமாகக் கிடைக்கிற ஓர் இயங்குதளத்தைப் போட்டு எங்களிடம் தந்தான். பிள்ளைகளே, அதைச் செய்தவர்கள் அதற்குப் பூட்டுப் போடவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிடித்தமாதிரி மாற்றிக்கொள்ளலாம். பூட்டு இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயமாக இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவன்.

“கெட்டுப்போனா என்ன பண்றது மாப்ள?” என்று கேட்டேன்.

“திரும்பப் போட்டுக்கலாம் மாமா. வயலா என்ன, ஒரு போகம் போச்சேன்னு உக்கார? நல்லா நோண்டுங்க. ஆனா எதத் தொட்டீங்களோ அத ஞாபகம் வச்சுக்கங்க, அது போதும்.”

அந்த வாரம் வந்தவன், தன் அக்கா கூப்பிட்டால் மணி அடிக்கும்படி எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு, இணையத்துக்கு ஒரு டாங்கிளையும் ஓர் இயர்போனையும் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை தூறல். வயலில் நாற்று வேர் பிடித்துக்கொண்டிருந்தது, எனக்கு வேலை இல்லை. பாப்பா என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் தலைக்கு மேலே லேப்டாப்பை ஒரு முக்காலியில் வைத்து, அமைப்புகள் என்ற பக்கத்தைத் திறந்தேன்.

அதற்குள் போனதும் நேரம் போனதே தெரியவில்லை. முதலில் மொழியைத் தமிழாக்கினேன். பெயர்களெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்போல முகம் காட்டின. பிறகு வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். குறைத்தால் அறைக்குள் பொழுது சாய்ந்தது, கூட்டினால் விடிந்தது. இரவு வெளிச்சம் என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டதும் திரை முழுக்க மஞ்சள் பூசி, அறுப்புக்கு முந்தின சாயங்காலம்போல ஆகிவிட்டது. தூங்குகிற பிள்ளையின் கன்னத்திலும் அந்த நிறம் விழுந்தது. கடிகாரத்தில் இன்னொரு ஊரின் நேரத்தையும் சேர்க்கலாம் என்றிருந்தது. குவைத்தைச் சேர்த்தேன். எங்கள் மணியும் அவள் மணியும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம் அங்கே இன்னும் உலை கொதிக்கிற நேரம். ஒரே திரையில் இரண்டு பொழுதும் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கூரையிலிருந்து சொட்டுகிற நீர் எந்த மணிக்குச் சொட்டுகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

கடைசியாக ஒலி. அந்த லேப்டாப்பில் சத்தம் எப்போதும் குறைவு. இயர்போனிலும் அப்படித்தான் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தான். திறந்து பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல பெயர்கள். டிவிக்குப் போகிற ஒலி, கேமராவில் இருக்கிற மைக், உள்ளமைந்த ஒலி. எல்லாம் திறந்தே கிடந்தன.

இங்கே உங்களுக்கு எங்கள் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வயல் கடைமடை, வாய்க்காலின் வால் நுனி. தண்ணீர் குறைவான நாளில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். ஒருவர் முறை வந்தால் மேலே இருக்கிற எல்லா மடைகளையும் அடைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரே ஒரு மடை திறந்து கிடந்தாலும் தண்ணீர் அங்கேயே குடியிருந்துவிடும், எங்களுக்கு ஈரம்கூட வராது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த கை இது. திறந்து கிடக்கிற மடையைக் கண்டால் தானாக மண்ணை அள்ளும்.

அதனால்தான் சத்தம் ஏறவில்லை என்று முடிவு கட்டினேன். டிவி மடையை அடைத்தேன். கேமரா மடையை அடைத்தேன். உள்ளமைந்த ஒலி என்றால் லேப்டாப்பின் வயிற்றில் இருக்கிற ஸ்பீக்கர், இயர்போன் வெளியிலிருந்து வந்தது, அது தனி என்று நினைத்து அதையும் அடைத்தேன். இனி மொத்தத் தண்ணீரும் கடைமடைக்குத்தான். பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கலாம். பிள்ளை தூங்குகிறதே என்று விட்டுவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு அவள் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை, திரையில் அவள் பெயர் மட்டும் சத்தமில்லாமல் மினுங்கியது. பாப்பாவை எழுப்பினேன். இயர்போனில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு. பச்சையை அழுத்தியதும் என் மனைவியின் முகம் வந்தது. தலை குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தாள். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

“அப்பா, அம்மா தண்ணிக்குள்ள இருக்காங்களா?”

அப்படித்தான் இருந்தது. வாய்க்காலில் குனிந்து பார்த்தால் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அதுபோல. நான் பேசுவதும் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, காதைத் தொட்டுக் கையை விரித்தாள். கீழே எழுத்து வந்தது. “சத்தம் வரல. வார்டு மாறுற வேலை இருக்கு, ரொம்ப நேரம் இருக்க முடியாது.”

பாப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கொக்கு?”

நான் ஒலியைக் கூட்டினேன். இயர்போனைப் பிடுங்கிச் சொருகினேன். பட்டியலைப் பார்த்தால், இருந்த பெயர்களெல்லாம் போய், போலி வெளியீடு என்று ஒன்றே ஒன்று நின்றது. தண்ணீர் வராத வயலில் நட்ட குச்சி மாதிரி.

“நீங்க என்னமோ பண்ணிட்டீங்க” என்றாள் பாப்பா. உதடு பிதுங்கத் தொடங்கியது.

தண்ணீர் நின்றுபோனால் வயலைக் கொத்தக் கூடாது, வரப்போடு மேலே நடந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். என் கையில் இருந்தது ஒரு கறுப்பு ஒயர்தான். அதையே வரப்பாக நினைத்துக் கண்ணால் நடந்தேன். பாப்பாவின் காது, கழுத்து, என் முழங்கால், முக்காலி. அப்புறம் லேப்டாப்பின் விலாவில் இருந்த சின்ன ஓட்டைக்குள் போனது.

உள்ளேதான் போகிறது. அப்படியென்றால் அது தனி வாய்க்கால் இல்லை, உள்ளமைந்த ஒலியிலிருந்து பிரிகிற கிளை. தலைமடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் தண்ணீர் தேடிக்கொண்டிருக்கிறேன்!

எதைத் தொட்டேன் என்பது ஞாபகம் இருந்தது. பழைய இடத்துக்குப் போய் உள்ளமைந்த ஒலியைத் தட்டினேன். மைக் வழியாக உள்ளே வருவது, ஸ்பீக்கர் வழியாக வெளியே போவது, இரண்டும் என்று மூன்று வழி காட்டியது. பதற்றத்தில் கைக்கு முதலில் பட்டதை அழுத்தினேன்.

குரல் வரவில்லை. ஆனால் திரையில் அவள் திடுக்கிட்டாள். தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்டாள். வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தமும், கொல்லையில் தவளைக் கூச்சலும்தான் இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மா, அப்பா எல்லாத்தயும் அடச்சிட்டாங்க!” என்று பாப்பா புகார் சொன்னாள்.

திரையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். காதைக் காட்டி, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“அப்பா! அம்மாவுக்குக் கேக்குது! நமக்குத்தான் கேக்கல!”

“இரு, இதோ மாத்திடுறேன்” என்று கையை நீட்டினேன். திரையில் அவள் உள்ளங்கையைக் காட்டினாள். பொறு என்று. பிறகு பாப்பாவைக் காட்டி, விரல்களைக் குவித்து அலகாக்கி, திறந்து திறந்து மூடினாள். கொக்கு.

“நானா சொல்லணும்?”

தலையாட்டினாள்.

பாப்பா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “கொக்கு கடலோரம் நின்னுச்சா? அதுக்கு ஒத்தக் காலு வலிச்சுச்சு. அதனால காலை மாத்திக்கிச்சு. அப்ப தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு தெரிஞ்சுச்சு. மழையோட வீடு. கொக்கு பறந்து போயி கதவத் தட்டுச்சு. மழை போத்திக்கிட்டுத் தூங்குது. எந்திரிக்கவே இல்ல. கொக்குக்கும் தூக்கம் வந்துச்சா, அதுவும் போர்வைக்குள்ள பூந்துகிச்சு. எந்திரிச்சுப் பாத்தா றெக்கையெல்லாம் நனஞ்சு கனமாயிடுச்சு. பறக்க முடியல. வழியும் மறந்துபோச்சு.”

திரையில் அவள் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்குத் தெரியாமல் நான் மெதுவாக மூன்றாவது வழியை, இரண்டும் என்பதை அழுத்தினேன்.

முதலில் வந்தது ஏதோ ஒரு குளிர்பெட்டியின் உறுமல். எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், என் ஒற்றைக் காதுக்குள், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவள்போல அவள் குரல்.

“அப்பறம்?”

பாப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. குரல் எப்போதுமே அங்கே இருந்ததுபோலப் பதில் சொன்னாள்.

“அப்பறம் மழை எந்திரிச்சு, எங்க போவணும்னு கேட்டுச்சு. எங்க ஊருக்குன்னு கொக்கு சொல்லுச்சு. சரி, என் முதுவுல ஏறிக்கன்னுச்சு. கொக்கு மழை மேல ஒக்காந்து வந்திருச்சு.”

“எங்க வந்து எறங்குச்சு?”

“கடைமடைல. நம்ம வயல்ல.”

“யாரும் அடச்சு வக்கலையா?”

“அப்பா வச்சிருந்தாங்க. இப்பத் தொறந்துட்டாங்க.”

அதற்குமேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. மெதுவாகப் பேசினார்கள். பாப்பாவின் குரல் பாதியில் தேய்ந்து, மூச்சாகி, தலை என் தொடையில் வந்து விழுந்தது. அவள் காதிலிருந்த இயர்போனை நான் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அம்மாவும் போனை வைக்கவில்லை. தகரத்தில் விழுகிற தூறலை இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். திரையில் இரண்டு கடிகாரங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. நான் அமைப்புகள் பக்கத்துக்குத் திரும்பிப் போய், டிவி மடையையும் கேமரா மடையையும் திறந்துவிட்டேன். அவள் குரல் கொஞ்சமும் குறையவில்லை.