விதைக்கு விட்ட கத்திரிக்காய்

கத்திரிச் செடிக்கு வரும் வாடல் நோய் மற்ற நோய்களைப் போல இல்லை. புழு அரித்து, இலை பழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதில்லை. காலையில் பச்சைப் பசேலென்று நிற்கும். உச்சிவெயிலில் தலை தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும், நமக்கும் போன மூச்சு திரும்பி வரும். ஓரிரு நாளில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி செத்துப் போயிருக்கும். தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால், வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக, புகை மாதிரி ஒன்று கீழே இறங்கும். அதைப் பார்த்தபின் அந்தச் செடியின்மேல் ஆசை வைப்பதில் பயனில்லை.

அப்போது நாங்கள் தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் கிரேன் ஓட்டினார். குடியிருப்புக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, யாரும் கேட்பாரில்லாத ஒரு நீள நிலம். ஆளுக்குக் கொஞ்சம் வளைத்து மரவள்ளியும் பயற்றங்கொடியும் போட்டிருந்தார்கள். நான் கத்திரி போட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த உறவுக்காரர் ஒருவர் விதை கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஊதாவில் வெள்ளை வரி ஓடிய காய். புளிக்குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். ஆனால் அந்த மண்ணில் அது பிழைக்கவில்லை. காய்ப்பதற்கு முன்பே முக்கால்வாசி வாடிப் போகும்.

அதே நிலத்தின் ஓரத்தில், மலாய்க்காரர் வீட்டு வேலிப்பக்கம், தானாக முளைத்த ஒரு பச்சைக் கத்திரி இருந்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. அதற்கு மட்டும் நோய் வந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் வைத்தால் இரண்டும் கலந்த விதை வரும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். செய்து பார்த்ததில்லை.

வரிக்கத்திரியில் மறுநாள் மலரப் போகிற மொட்டாகப் பார்த்து, இதழைப் பிரித்து, உள்ளே மஞ்சளாக நிற்கும் மகரந்தக் குழல்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பேன். மறுநாள் காலை பச்சைக் கத்திரிப் பூவை நகத்தின்மேல் தட்டி, விழுந்த பொடியை அந்தப் பூவின் நடுமுனையில் தொட்டு வைப்பேன். வேறு பொடி ஒட்டாமல் இருக்க, பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையை மேலே மாட்டி நூலால் கட்டுவேன். பெரும்பாலும் பூ உதிர்ந்துவிடும். ஒரு தடவை காய் பிடித்தது. யாரோ குழம்புக்குப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த தடவை மறுபடியும் ஒன்று பிடித்தது. அதற்குப் பெரிய பையாக மாட்டிப் பழுக்க விட்டேன். விதைக்காய் செடியிலேயே மஞ்சளாக வேண்டும், அதற்கு முன் பறித்தால் உள்ளே விதை பால்தான்.

அந்தக் காய் நிறம் மாறத் தொடங்கிய வாரம் தாய்ச்செடி மத்தியானத்தில் தலை தொங்கிப் போனது. மறுநாள் ஊரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் வெடித்தது.

அறுபத்து நாலாம் வருஷம் அது. ரேடியோவில் ஊரடங்கு என்று சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ஒரு பக்கம் மலாய்க்காரர் வீடுகள், இன்னொரு பக்கம் சீனர் கடைவீடுகள், என் தோட்டம் சரியாக நடுவில். மாடி நடையிலிருந்து எட்டிப் பார்த்தால் தண்டவாளம் தெரியும், செடி தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு மத்தியானமும் வெயில் ஏறும்போது அங்கே போய் எட்டிப் பார்த்தேன். செடி செத்தால் காய் சுருங்கும். மழை பெய்தால் அழுகும்.

சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கணவர் அரிசி வாங்கப் புறப்பட்டார்.

"நான் பின்னால ஒரு எட்டு போயிட்டு வந்துடறேங்க. காயை மட்டும் அறுத்துக்கிட்டு..."

"உனக்கென்ன பைத்தியமா? வெளியில ஆளை வெட்டுறாங்க. இவளுக்குக் கத்திரிக்காய்!"

"விட்டா அழுகிடும்ங்க."

"அழுகட்டும் லா. கதவைத் திறக்காத."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டேன். கத்திரிக் காம்பு கெட்டி, முள்ளும் இருக்கும். கையால் முறுக்கினால் செடியோடு வரும். அதனால் காய் நறுக்கும் கத்தியைக் கூடையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடிக்கொண்டு நடந்தேன்.

தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கையில் பிரம்புக் கேடயம். மீசை வைத்தவர் கூடையைக் காட்டச் சொன்னார். துண்டைத் தூக்கினார். கத்தி.

அந்த ஒரு நொடியில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. கலவரத்தின் நடுவில், துணிக்கடியில் கத்தியை மறைத்து எடுத்துப் போகிற பெண்.

"இது எதுக்கு?" என்று மலாயில் கேட்டார்.

"தெரோங்" என்றேன். கத்திரிக்காய்க்கு மலாயில் அதுதான் பேர். "தெரோங் வெட்டணும். விதைக்கு."

இளையவர் சிரித்தார். மீசைக்காரர் சிரிக்கவில்லை. "எங்கே, காட்டு" என்றார். கத்தியை அவரே வைத்துக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன். பூட்ஸ் சத்தம் பின்னால் வந்தது. மலாய் வீடுகளில் ஒரு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

செடி செத்திருந்தது. இலையெல்லாம் துவண்டு தண்டோடு ஒட்டியிருந்தது. நடுவில் வெள்ளைத் துணிப்பை மட்டும் கனமாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"உள்ளே என்ன?"

"காய்தான் ஐயா."

"காய்க்கு யார் சட்டை போடுவாங்க? தள்ளி நில்லு."

தடியின் நுனியால் பையை நெம்பினார். செடி ஒருபக்கம் சாய்ந்தது. "ஜாங்கான்!" என்று கத்திவிட்டேன், வேண்டாம் என்று. ஒரு போலீஸ்காரரை நான் அதட்டியது அன்றுதான். அவர் திரும்பி என்னை முறைத்தார். ஆனாலும் தடியை எடுத்துவிட்டார். குனிந்து நூலை அவிழ்த்து உள்ளே பார்த்தார். மஞ்சளாக, கொஞ்சம் சுருங்கி, ஒரு கத்திரிக்காய்.

கத்தியை என்னிடம் தரவில்லை. "எங்கே வெட்டணும்?" என்று கேட்டார். காம்பு நீளமாக வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவரே அறுத்தார். முள் குத்தி விரலை உதறிக்கொண்டார். காயை என் கையில் வைத்து, "இதுக்காக உசிர விடப் போறியா? வீட்டுக்குப் போ" என்றார். கத்தி அவரிடமே போயிற்று.

காயை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். கணவர் அரிசி மூட்டையோடு வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரடங்கு முடியும்வரை என்னோடு பேசவில்லை.

சமையலறை ஜன்னலில் காயைக் கட்டித் தொங்கவிட்டு, நன்றாகக் கனிந்தபின் பிளந்தேன். பாதி விதை வெளிறிச் சப்பையாக இருந்தது. பழுப்பேறித் திரண்டவற்றைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன்.

அடுத்த வருஷம் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது மண்ணெண்ணெய் டின்களில் தோட்டத்து மண்ணையும் ஏற்றினேன்.

"நோவு புடிச்ச மண்ணு, அதையா தூக்கிட்டு வர்ற?"

"அந்த மண்ணுல நின்னாத்தாங்க தெரியும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போட்டார். மாடி நடையோரம் டின்களில் நாற்றுகளை நட்டேன். மத்தியானம் வந்தால் சோறு இறங்காது. போய்ப் போய்ப் பார்ப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பழைய வரிக்கத்திரி பூக்கும் முன்பே சாய்ந்தது. கலப்புச் செடிகள் எல்லாம் நின்றன. ஆனால் காய் கசந்தது. கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டின் ஓரம் ஒதுக்கினார். மகள் துப்பினாள்.

நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்தக் கசப்புக் காய்களிலேயே ஒன்றை விதைக்கு விட்டேன். அதிலிருந்து வந்தவை ஒன்றுபோல் இல்லை. சில வாடின, சில கொட்டைப்பாக்கு அளவு காய்த்தன, சில வெறும் பச்சை. ஒரே ஒரு செடி மட்டும் வாடாமல் நின்று, நான் நினைத்த மாதிரி காய்த்தது. காய் நீளமாக இருந்தது, இளம் ஊதாவில் மங்கலான வரி ஓடியது. முதலில் வந்த காயை விதைக்கென்று தொடாமல் விட்டேன். அதில் துணிப்பையைக் கட்டிவிட்டு, அடுத்தது வரும்வரை காத்திருந்தேன். அதைப் பிஞ்சாகப் பறித்துப் புளிக்குழம்பு வைத்தேன்.

கணவர் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். நான் எதிரிலேயே நின்றேன். மென்றார், விழுங்கினார். இன்னொரு துண்டைத் தேடி எடுத்தார்.

"கசப்பு இருக்கா?" என்றேன்.

"இல்லை" என்றார். மகள் தட்டிலிருந்த துண்டையும் பார்த்தார். அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.